முள்ளு ஏறுது

காரின் ஹீட் மீட்டரில் கோளாறு என்றால் அதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு இஞ்சின் பக்கம் நிற்க வேண்டும், இன்னொருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்க வேண்டும். இஞ்சின் பக்கம் நிற்பவருக்குத் தூக்கிய பானெட் முள்ளை மறைத்துவிடும், சீட்டில் இருப்பவருக்கு அதே பானெட் இஞ்சினையும் ஆளையும் மறைத்துவிடும். ஆகவே அவர் ஒயரைக் கழற்ற, இவர் குரல் கொடுக்க, அவர் ஒயரை இரும்பில் தொட, இவர் மறுபடி குரல் கொடுக்க, நடுவில் நிற்கும் அந்தத் தகட்டைத் தாண்டி வரும் குரலை நம்பித்தான் வேலை நடக்கும்.

ஒன்பது வருஷமாக வீரணனுக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை.

அவனுடைய பட்டறை ஊத்துப்பாறையில் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் இருந்தது. ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற வண்டிகள் பதினேழு வளைவுகளையும் ஏறியாக வேண்டும் என்பதால், கொதிக்காமல் ஏறுமா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறும். அவன் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கம்பியில் கட்டி வைத்திருந்தான். அதை டிரைவர் பக்கத்துக் கதவில் மாட்டி, பானெட்டின் ஓரமாகக் கழுத்தை நீட்டினால் முள் தெரிகிற மாதிரி திருப்பிக்கொள்வான். கண்ணாடியில் எல்லாம் இடம் மாறித் தெரியும். குளிர் இருக்க வேண்டிய பக்கத்தில் சூடு இருக்கும், ஏறுகிற முள் இறங்குவது போல் இருக்கும். ஒன்பது வருஷத்தில் அவனுக்கு அது பழகிவிட்டது.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் முள்ளைப் பார்த்துச் சொன்னவள் அவன் மனைவி பேச்சி. கல்யாணமான மறு மாதம் ஒரு நாள் சோறு கொண்டுவந்தவளை, "செத்த இதுல உக்காந்து முள்ளு ஏறுதா பாரு" என்று அவன் சொன்னான், அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஊத்துப்பாறை வழியாகப் போன அத்தனை கார்களின் டிரைவர் சீட்டிலும் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஒன்றையும் ஓட்டியதில்லை. அவள் சொல்ல வேண்டிய வார்த்தைகள் மூன்று. ஏறுது. நிக்குது. இறங்குது. வேறு எதையாவது அவள் சொல்லத் தொடங்கினால், "முள்ள மட்டும் சொல்லு" என்பான் வீரணன், பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கோபத்தில் சொல்வதில்லை. இரண்டு கையிலும் கிரீஸும் வாயில் ஸ்குரூவும் இருக்கிற ஒருவன் வேறு எப்படிச் சொல்வான்.

ஒரு மாசி மாதத்து முற்பகலில், எஸ்டேட் மானேஜர் ஒருவருடைய பச்சைக் கார் வந்திருந்தபோது அது நடந்தது. இஞ்சினின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் சென்சாரிலிருந்து வீரணன் ஒயரைக் கழற்றினான். ஒயரைக் கழற்றினால் முள் குளிரில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும், ஒயரை இஞ்சின் இரும்பில் தொட்டு எர்த்து கொடுத்தால் துள்ளி உச்சிக்குப் போக வேண்டும். மீட்டர் வைத்த எந்த வண்டிக்கும் அதுதான் சாத்திரம்.

"ஏறுது" என்றாள் பேச்சி.

"ஒயரக் கழட்டிக் கையில வச்சிருக்கேன். எப்பிடி ஏறும்?"

"ஏறுது."

"முழிச்சுப் பாத்துச் சொல்லு."

"முழிச்சுத்தான் இருக்கேன். ஏறுதுங்க. வந்து பாருங்க."

பானெட்டிலிருந்து டிரைவர் கதவுக்கு நாலு எட்டு. வீரணன் போகவில்லை. இவள் தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, மீட்டர் போயிருக்காது, சென்சார்தான் என்று அவனாகவே முடிவுசெய்து, புதுசு ஒன்றை முடுக்கி, பானெட்டை இறக்கினான். கதவு திறந்து கிடந்தது, சீட்டில் ஆள் இல்லை.

அவள் பன்னிரண்டு மணி பஸ்ஸில் மலைக்கு, ஏலக்காயை உலர்த்திப் பிரிக்கும் ஸ்டோரில் வேலை பார்க்கும் அக்காவிடம் போய்விட்டிருந்தாள். பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தவளிடம் கண்டக்டர் என்னம்மா என்று கேட்டதற்கு, "முள்ளு ஏறிருச்சு" என்று சொன்னாளாம். கண்டக்டர் குனிந்து அவள் காலைப் பார்த்தாராம். அதனால் ஊரில் முதல் ஒரு வாரம், பேச்சிக்குக் காலில் முள் ஏறிவிட்டது, அக்கா வீட்டில் இருந்து வைத்தியம் பார்க்கிறாள் என்றே பேசிக்கொண்டார்கள். காலில் முள் ஏறியதற்கு யாராவது இத்தனை மாசம் இருப்பார்களா என்று பிறகு யோசித்தார்கள், அப்புறம் யோசிப்பதையும் விட்டுவிட்டார்கள். வீரணன் இரண்டு தடவை மலை பஸ்ஸில் ஏறினான். இரண்டு தடவையும், போய் என்ன சொல்வது என்று தெரியாமல், ஆறாவது வளைவில் இறங்கி நடந்தே திரும்பி வந்தான்.

ஜெயக்கொடியின் வெள்ளை டாக்ஸி வந்தது ஐப்பசியில், விடாமல் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. ஜெயக்கொடி பக்கத்து ஊர்க்காரன், அந்தக் காரை வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, ஆத்தாவ ஏத்திக்கிட்டுச் சாவியப் போட்ட ஒடனே முள்ளு உச்சிக்குப் போயி நிக்குது. இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல. ரேடியேட்டரத் தொட்டா கெணத்துத் தண்ணி மாதிரி இருக்கு."

வீரணன் வழக்கம் போல் ஆரம்பித்தான். தண்ணீர் மட்டம் பார்த்தான், மூடியின் ரப்பரைப் பார்த்தான், பேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடியை மாட்டப் போனவன், ஜெயக்கொடி சீட்டிலேயே உட்கார்ந்திருந்ததால், "நீயே பாத்துச் சொல்லு" என்றான்.

ஒயரைக் கழற்றினான்.

"ஏறுதுண்ணே" என்றான் ஜெயக்கொடி.

வீரணனின் கை அப்படியே நின்றது. அவன் ஒயரின் நுனியைப் பார்த்தான். அது எதிலும் படாமல் அவன் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது. மழை பானெட்டில் விழுந்து வழிந்தது. இந்தத் தடவை அவன் நாலு எட்டும் நடந்து போய், ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். முள் அரையைத் தாண்டி, அவசரமே இல்லாமல், உலைநீர் சூடேறுகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

"எறங்கு" என்றான். ஜெயக்கொடி இறங்கினான். முள் படுத்தது. "ஏறி உக்காரு." முள் எழுந்தது.

"வண்டியில ஒன்னும் இல்ல" என்றான் வீரணன் கடைசியில். "நீ ஏறுனாத்தான் ஏறுது."

ஜெயக்கொடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தான். பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல், "எங்கய்யாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப நான் வழியில டீ குடிக்க நிறுத்துனேண்ணே" என்றான். "அவரு பின்சீட்டுல படுத்திருந்தாரு. எனக்குக் கண்ணு சொருகுச்சு, ஒரு டீ குடிச்சுட்டு ஓட்டுவோம்னு நெனச்சேன். டீ சூடா இருந்துச்சு, ஆத்திக் குடிச்சேன். ஆத்தாகிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

அவன் சொல்லச் சொல்ல முள் இறங்கியது. சொல்லி முடித்தபோது குளிரில் போய்ப் படுத்துவிட்டது. ஜெயக்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரியாயிருச்சுண்ணே" என்றான், கார்புரேட்டரில் அடைப்பு எடுத்தால் சொல்கிற அதே தோரணையில்.

அவன் டீ குடிக்கப் போனபிறகு, எங்காவது ஷார்ட் ஆகிறதா என்று பார்க்க வீரணன் மீட்டர் பலகையைக் கழற்றி வெளியே இழுத்தான். பின்னால் வெள்ளை பெயிண்ட் எட்டாத இடங்களில் பச்சை பெயிண்ட் இருந்தது. மீட்டருக்குப் போகிற ஒயரில் ஒரு முடிச்சு இருந்தது. ஒயர் நீளமாக இருந்தால் அவன் போடுகிற முடிச்சு, இரண்டு சுற்று சுற்றி நுனியை உள்ளே விட்டு இழுத்த முடிச்சு. அந்த முடிச்சை வேறு யாரும் போடுவதில்லை. வீரணன் அதை விரலால் தடவிக்கொண்டு, மழை நிற்கும்வரை டாஷ்போர்டுக்கு அடியிலேயே தலையை வைத்துப் படுத்திருந்தான்.

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. ஜெயக்கொடியே டீக்கடையில் சொன்னான். டீக்கடைச் சுருளியப்பன் வடைக்கரண்டியோடு வந்து சீட்டில் உட்கார்ந்தான். முள் கால்வாசிக்கு ஏறியது. "வடைக்குப் பழைய மாவையும் கொஞ்சம் கலக்கத்தான் செய்யிறேன்" என்றான், இறங்கிவிட்டது. அவனுக்கு அவ்வளவுதான் இருந்தது. "ஒனக்குக் கால்தானாடா? இத்தன வருஷம் பெரிய ஆளுன்னு நெனச்சிருந்தோமே" என்று மறுநாள் முழுக்க அவனைக் கிண்டல் செய்தார்கள்.

ஜெயக்கொடி காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டான். "இஞ்சின் கொதிக்குதா ஆளு கொதிக்கிறானான்னு தெரியாம எப்பிடிண்ணே மல ஏறுறது?" என்று கேட்டான். அது நியாயமாகத்தான் இருந்தது. அவன் வேறொருவர் வேனுக்கு டிரைவராகப் போனான், வெள்ளைக் கார் பட்டறை முன்னால் நின்றது, ஊத்துப்பாறை ஜனங்கள் ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி, ஊசி போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி, ஒரு பையையோ குடையையோ கையில் வைத்துக்கொண்டு அங்கே வரத் தொடங்கினார்கள். உட்காருவார்கள், கூட வந்தவர் ஜன்னலோரம் நிற்பார், முள் ஏறும், உட்கார்ந்தவர் சொல்வார், முள் இறங்கும், இறங்கிப் போவார்கள். அன்னக்கொடி தன் நாத்தனாரைக் கூட்டிவந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், இறங்கியபோது இரண்டு பேரும் ஒரே குடையில் போனார்கள். ஒரு வாத்தியார் முப்பது வருஷத்துக்கு முன்னால் தவறாகப் பெயிலாக்கிய ஒருவரைத் தேடிக் கூட்டிவந்தார். அந்த ஆள் பேரன் எடுத்துவிட்டிருந்தார், சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதுனால என்ன சார், நான் அப்பவே படிக்கிற ஆளு இல்லையே" என்றார்.

நாள் ஆக ஆக ஊரின் பேச்சிலேயே முள் புகுந்துகொண்டது. எதிர்ப்படுகிறவர்கள் சாப்பிட்டாச்சா என்பதற்குப் பதில் "எங்க நிக்குது?" என்று கேட்டார்கள், "ஏதோ அரையில ஓடுது" என்று பதில் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையைக் காரிலும் ஒரு தடவை உட்கார வைத்துவிடலாமே என்றார்கள். ஒன்றுமே ஏறாத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டது ஒரு வீடு. சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஏலக்காய் மூட்டை திருடிய ஆளைப் பிடித்துவந்து உட்கார வைத்தார். முள் அசையவில்லை. "ஏறாதுங்கய்யா. நாந்தான் எடுத்தேன்னு மொதல்லயே சொல்லிட்டனே" என்றான் அந்த ஆள். மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க சப் இன்ஸ்பெக்டரே உட்கார்ந்தார். முள் உச்சிக்குப் போய் அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் மலையைப் பார்த்தார்கள். அவர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, "எர்த்து எங்கயோ அடிக்குது, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஊர்களிலிருந்து மெக்கானிக்குகள் வந்து மீட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சாதாரண மீட்டர்தான் என்று திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. மலையடிவாரத்தில் எல்லாம் ஏதாவது ஒன்றைக் காட்டத்தான் செய்கிறது. மேகம் மழையைக் காட்டுகிறது, நாய் ஆள் வருவதைக் காட்டுகிறது.

மத்தியானம் ஜனங்கள் சோற்றுக்குப் போகிற நேரத்தில் பட்டறை காலியாகும். அப்போது வீரணன் கையைக் கழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சாவியைத் திருப்பி, அந்த சீட்டில் உட்காருவான். முதல் நாள் உட்கார்ந்தபோது அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. முள் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. தட்டிப் பார்த்தான், பாட்டரியைப் பார்த்தான், பேச்சியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தான், நினைக்காமல் உட்கார்ந்தான். முள் செத்த பல்லி மாதிரி குளிரில் ஒட்டிக் கிடந்தது.

அப்போதெல்லாம் அவனுக்கு வால்வுகளின் ஞாபகம் வரும். இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு வால்வு உண்டு. இஞ்சின் தேவையான அளவு சூடாகும்வரை தண்ணீரை அடைத்து வைத்திருந்து, சூடானதும் திறந்துவிடுவது அதன் வேலை. ஊத்துப்பாறையில் எந்த மெக்கானிக்கும் அதை வண்டியில் விட்டு வைப்பதில்லை. நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்கு என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். கொதிக்கிற தொல்லை இருக்காது, வண்டிக்காரனும் சந்தோஷமாகப் போவான். வீரணனின் பட்டறையிலேயே அப்படிக் கழற்றியவை ஒரு பால் டின் நிறைய இருந்தன. கழற்றிய வண்டி கொதிக்காது என்பது உண்மைதான். ஆனால் அது சூடாகவும் ஆகாது. எத்தனை மைல் ஓடினாலும் உள்ளே குளிர்ந்தே இருக்கும், எண்ணெய் இளகாது, சத்தமில்லாமல் தேய்ந்து, ஒரு நாள் காரணமே தெரியாமல் நின்றுபோகும். தன் வால்வைத் தானே எப்போதோ கழற்றி டின்னில் போட்டுவிட்டதாக வீரணன் நினைத்துக்கொண்டான். டின்னைத் திறந்து பார்த்தான்கூட. எல்லா வால்வும் ஒரே மாதிரி இருந்தன.

தை மாதத்தில் ஒரு நாள் தபால் ஆபீஸ் அம்மா ஒருத்தி தனியாக வந்தாள். கூட வருவதாகச் சொன்ன தங்கை பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். வீரணன் எட்டிப்போய் ஒரு டயரில் உட்கார்ந்துகொண்டான். அந்த அம்மா சீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்தும் முள் அசையவில்லை; எனக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று அவள் அழுகிற குரலில் சொன்னாள். அந்த நேரம் தங்கை குடையை மடக்கிக்கொண்டே ஓடிவந்து ஜன்னலில் கை வைத்தாள். முள் எழுந்தது.

வீரணன் டயரிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். எர்த்து. இதை ஒன்பது வயதுப் பையன்கூடக் கண்டுபிடித்திருப்பான், இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று. எவ்வளவு கரண்ட் இருந்தாலும் போய்ச் சேர இன்னொரு முனை இல்லாவிட்டால் எந்த மீட்டரும் காட்டாது. தனியாக உட்கார்ந்தவனுக்கு உள்ளே என்ன இருந்தாலும் முள் குளிரில்தான் கிடக்கும்.

சுருளியப்பன் இதைத் தானாகவே புரிந்துகொண்டு ஒரு நாள் டீயோடு வந்தான்.

"நீ ஒரு நாளும் உக்காந்ததே இல்லையே வீரணா. உக்காரு. நான் சன்னல்ல நிக்கிறேன்."

"வேல கெடக்கு."

"என்ன வேல? இந்தக் காரு வந்ததுலருந்து ஒனக்கு வேலையே இதுதான்."

"ஒங்கிட்டச் சொல்றதுக்கு எனக்கு ஒன்னும் இல்லடா" என்றான் வீரணன். அது பொய்யில்லை. சுருளியப்பன் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை ஜெயக்கொடி வேனை நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வந்தபோது, வீரணன் அவன் பக்கம் பார்க்காமல் சொன்னான். "மேல பெரிய ஸ்டோர்ல ஏலக்கா பெறக்குற எடத்துல பேச்சின்னு இருக்கும். அன்னைக்கு முள்ளு ஏறத்தான் செஞ்சுச்சுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதான்."

நாலு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, பதினோரு மணி பஸ்ஸில் பேச்சி வந்து இறங்கினாள். காத்திருந்தவர்கள் எழுந்து, அன்றைக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். சுருளியப்பன் டீக்கடை ரேடியோவை நிறுத்தினான். அவளுக்கு முன்பக்கம் நரைத்திருந்தது. விரல் நுனிகள் பச்சையாக இருந்தன, அவளைச் சுற்றி ஏலக்காய் வாசனை இருந்தது. கையில் ஒரு துணிப்பை மட்டும் வைத்திருந்தாள். அதில் ராத்திரி தங்குவதற்கான மாற்றுச் சேலை இருக்கிற கனம் இல்லை என்பதை வீரணன் முதலிலேயே பார்த்துவிட்டான்.

அவள் காரைச் சுற்றி வந்தாள். கதவில் கட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"முள்ளு பாக்குறதுக்கு."

"இதுல எல்லாம் மாத்தித்தான தெரியும்?"

"ஆமா."

"இத நம்புனீங்களாக்கும்" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

வீரணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. "அன்னைக்கு என்னத்தச் சொல்ல நெனச்ச?" என்று கேட்டான்.

"பெருசா ஒன்னும் இல்ல." அவள் காருக்குள் பார்த்தாள். "பதினோரு வருசமா டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கேன். ஒரு காருலயாவது பக்கத்துச் சீட்டுல ஆளு உக்காந்ததில்ல. செத்த நேரம் வந்து பக்கத்துல உக்காருங்கன்னு சொல்லணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்குப் போயி அந்த ஏத்தம் ஏறுச்சு."

"இப்ப உக்காந்தா?"

"இப்ப எனக்கு ஏறாது. நான் அத அக்காகிட்ட, ஸ்டோர்ல பொம்பளைங்ககிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி எறக்கிட்டேன்." அவள் பையைக் காற்றடிக்கிற பம்ப் ஓரத்தில் வைத்தாள். "நீங்க உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். சீட் தாழ்வாக இருந்தது. அவள் முன்பக்கம் போய், கொக்கியைத் தேடாமல் சரியாகக் கைவைத்து, பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள். வெள்ளைத் தகடு எழுந்து மலையையும் ரோட்டையும் அவளையும் மறைத்தது. இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அவன் நினைத்தான். கண் முன்னால் ஒரு தகடு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள், அந்த ஆளின் கை என்ன செய்கிறது என்று தெரியாது, முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது, முள் ஒன்றுதான் துணை.

"ஒயரக் கழட்டிட்டேன்" என்றது அவள் குரல். "கையிலதான் வச்சிருக்கேன். இரும்புல படல."

இரும்பில் பட்டால் யார் உட்கார்ந்தாலும் முள் உச்சிக்குப் போய்விடும். பட்டிருக்கிறதா இல்லையா என்று சீட்டில் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. அவன் வாய் பழக்கத்தில் எதையோ கேட்கத் திறந்து, மூடிக்கொண்டது.

"சரி" என்றான்.

முள் அசைந்தது. முதலில் கண்ணில் நீர் கட்டியதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தான். பிறகு கால்வாசியைத் தொட்டது.

"என்ன சொல்லுது?"

"ஏறுது."

"ம்."

"ஏறுது பேச்சி. அரையைத் தாண்டிருச்சு. ஏறுது." அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது, தகட்டில் மோதித் திரும்பி வந்தது. "முக்கால். இன்னும் ஏறுது. உச்சிக்கு வந்துருச்சு."

"சரி."

அவன் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். நாலு எட்டு. ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"வந்து பாக்கலையா?"

"எதுக்கு? நீங்க சொன்னாச் சரி."

அவனுக்குப் பேச்சி என்று மட்டும் வந்தது. சொல்லுங்க என்றாள் அவள், அந்தப் பக்கத்திலிருந்து. அவன் சொல்ல வேண்டியது எல்லாம் அங்கேதான் இருந்தது, ஆறாவது வளைவு, இரண்டு தடவை, கண்ணாடி, பால் டின், பச்சை பெயிண்ட், முடிச்சு. ஆனால் இருபது வருஷமாக அந்தப் பட்டறையில் தகட்டைத் தாண்டிப் போய் வந்த வார்த்தைகள் மூன்றுதான், நாலாவதை எங்கே எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மணி பஸ் சந்தைப்பக்கம் ஹாரன் அடித்தது.

"இருக்கட்டும்" என்றாள். "சொன்னா எறங்கிரும். எனக்கு எறங்கிருச்சு, ஒங்களுக்காவது இருக்கட்டும்."

துணிப்பையை எடுத்து உதறும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள், கதவுப் பக்கம் அல்ல, ரோட்டுப் பக்கம். பஸ் நின்றது, கண்டக்டர் விசிலடித்தார், பஸ் கிளம்பியது.

வீரணன் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. முள் உச்சியில் இருந்தது. ஜன்னலில் யாரும் இல்லை, பானெட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, காத்திருக்கிறவர்கள் யாரும் இன்னும் திரும்பி வரவில்லை. ஆள் போனதும் முள் படுத்துவிடும் என்பது இத்தனை மாதமாக ஊரே பார்த்த விஷயம். அவன் முள்ளையும், பக்கத்து ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையையும் மாறி மாறிப் பார்த்தான். பஸ் முதல் வளைவில் திரும்பியது, சிவப்பாக. இரண்டாவதில் மறைந்து மூன்றாவதில் தெரிந்தது. ஆறாவது வளைவில் ஒரு நிமிஷம் நின்றதுபோல் இருந்தது, யாரும் இறங்கவில்லை, மேலே ஏறியது. பதினோராவதில் தீப்பெட்டி அளவுக்கு ஆகி, பிறகு மேகத்துக்குள் போய்விட்டது.

ஒருவேளை அவள் விட்டுப்போன ஒயர் தொங்கி இஞ்சின் இரும்பில் உரசிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தாலும் முள் இப்படித்தான் இருக்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் பார்த்துவிடலாம்.

இரும்புல படல என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் கிடந்த கிரீஸ் துணியை எடுத்துக் கீழே போட்டு, அந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டான். பிறகு தூக்கி நின்ற பானெட்டைப் பார்த்து, அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு, குரல் கொடுத்தான்.

"நிக்குது."